சாகுபடி நின்ற நிலத்தில் இயல் தாவரங்கள் திரும்பினால் மண்ணின் சத்து கூடுமா?

பல்லாண்டு பயிர் செய்த நிலத்தில் சாகுபடியை நிறுத்திவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் புதரையும் மரத்தையும் மறுபடி கொண்டுவந்தால் மண்ணின் சத்து கூடுமா, எத்தனை வருடத்தில் பழைய நிலைக்கு வரும் என்பது கேள்வி. "கூடும், கொஞ்சம் காலம் ஆகும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி.

கரிமமும் மொத்தத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மெல்ல ஏறும். ஆனால் வேர் உடனே உறிஞ்சக்கூடிய நைட்ரேட் பெரும்பாலும் இறங்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும், அதுவும் நூற்றாண்டுக் கணக்கில். சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மக்னீசியமும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மண்ணிலிருந்து மரத்துக்குள் இடம் மாறும். மண்ணின் அமிலத்தன்மை கொஞ்சம் கூடும். இதில் பலருக்கும் வியப்பாக இருப்பது நைட்ரேட்டும் மணிச்சத்தும் பற்றிய விஷயம்தான். பயிருக்கு எது வளமோ அது இயல் தாவரங்களுக்கு வளமாக இருக்க வேண்டியதில்லை. நிறைய இடங்களில் மீட்பு தோற்பதற்குக் காரணம் மண்ணில் சத்து போதாமை அல்ல, மிச்சமிருக்கும் உரம்.

முதலில், விவசாயம் மண்ணை என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உழும்போது மண்கட்டிகள் உடைகின்றன. அவற்றுக்குள் காற்றுப் படாமல் அடைந்திருந்த மட்கு நுண்ணுயிர்களின் வாயில் விழுகிறது. கரிமம் கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். அதோடு பிணைந்திருந்த தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிப் பயிருக்கும் போகும், மழைநீரோடு கீழேயும் இறங்கும். அறுவடையில் தானியமும் வைக்கோலும் வெளியேறுகின்றன. சரிவான நிலமாக இருந்தால் மேல்மண்ணே போய்விடுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலம் இருக்கிறது. மணற்பாங்கான பூமி. அங்கே வெவ்வேறு காலங்களில் கைவிடப்பட்ட வயல்களை அளந்தபோது, சாகுபடியால் மண்ணின் கரிமத்தில் 89 சதவீதமும் தழைச்சத்தில் 75 சதவீதமும் போயிருந்தது என்று கணக்கு வந்தது. மணல் நிலம் என்பதால் இழப்பு இவ்வளவு பெரிது. களி கலந்த மண்ணில் இந்த அளவுக்குப் போகாது.

இன்னொரு வகை நிலமும் உண்டு. சூப்பர் பாஸ்பேட்டும் தொழுவுரமும் தாராளமாகக் கொட்டி வளர்த்த நிலம். போட்ட மணிச்சத்தில் பயிர் அந்த ஆண்டு எடுப்பது ஒரு சிறு பங்குதான். மீதி இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு இவற்றோடு ஒட்டிக்கொண்டு மண்ணிலேயே தங்கும். ஆகவே ஒரே வயல் கரிமத்தில் ஏழையாகவும் மணிச்சத்தில் செல்வந்தனாகவும் இருக்கலாம். தீவிர விவசாயம் நடந்த நிலங்களில் இதுதான் வழக்கமான நிலை. "வளம் குன்றிய மண்" என்று ஒரே பெயர் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இனி கரிமம். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வின்படி, பயிர்நிலம் தானாக வளரும் காடாக மாறினால் மண்ணின் கரிமம் சராசரியாக 53 சதவீதம் கூடுகிறது. நட்டு வளர்த்த மரத்தோட்டமாக மாறினால் 18 சதவீதம்தான். மேய்ச்சல் நிலத்தில் மரத்தோட்டம் போட்டால் 10 சதவீதம் குறையவே செய்கிறது, ஏனென்றால் புல்லின் அடர்ந்த வேர்த்தொகுதி ஏற்கெனவே மண்ணுக்கு நிறையக் கரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஒப்பீடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலம் எதுவாக மாறுகிறது என்பதோடு, எதிலிருந்து மாறுகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

கரிமம் சேர்வது இலை உதிர்வதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே தெரியும் சருகில் பெரும்பகுதி அழுகிக் காற்றோடு போய்விடும். நீண்ட காலம் நிலைப்பது பெரும்பாலும் கீழே நடப்பதால்: வேர்கள் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் நுண்ணுயிர்கள் தின்று, அவை செத்து, அவற்றின் மிச்சம் களித்துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. களி குறைந்த மண்ணில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. சீடர் கிரீக்கில் வேகம் அவ்வளவு மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 61 ஆண்டு வரை கைவிடப்பட்ட வயல்களை வைத்துப் போட்ட கணக்கில், பழைய அளவின் 95 சதவீதத்தை எட்டத் தழைச்சத்துக்கு 180 ஆண்டும் கரிமத்துக்கு 230 ஆண்டும் ஆகும் என்று வந்தது.

மரம் செழித்தால் மண்ணும் செழிக்கும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு அடி தென் கரோலினாவின் கேல்ஹூன் காட்டிலிருந்து. பருத்தி விளைந்து சலித்த நிலத்தில் 1957இல் அந்தப் பகுதிக்கே உரிய பைன் மரங்களை நட்டார்கள். 1962 முதல் அதே இடத்தில் மண் எடுத்து, பழைய மாதிரிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இது அரிய விஷயம். சில பத்தாண்டுகளில் அந்தக் காடு சேர்த்த கரிமத்தில் சுமார் 80 சதவீதம் மரங்களில், 20 சதவீதம் தரையில் கிடக்கும் சருகுப் படலத்தில். சருகுக்குக் கீழே உள்ள கனிம மண்ணுக்குள் தங்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு. அது மட்டுமல்ல, மண்ணில் இருந்த தழைச்சத்து குறைந்தது. எங்கும் தொலைந்துபோகவில்லை, மரமும் சருகும் எடுத்துக்கொண்டன. நிலம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் காடு வளர்ந்திருக்கிறது. மண்ணை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தரம் இறங்கியதுபோல் அறிக்கை வரும்.

தழைச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்த அளவும் கிடைக்கும் அளவும் ஒன்றல்ல. நிலமாகப் போட்ட சொத்துக்கும் சட்டைப்பையில் இருக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். மண்ணிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மட்கில் பூட்டப்பட்டிருக்கும். நைட்ரேட், அம்மோனியம் என்ற வடிவில் புழங்குவது மிகச் சொற்பம். பயிர் விஞ்ஞானம் அந்தச் சொற்பத்தைப் பெருக்கப் பார்க்கிறது. பல்லாண்டு வாழும் இயல் புற்கள் அதைச் சுருக்கப் பார்க்கின்றன. அவற்றின் வேரில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அப்படிப்பட்ட வேர் மட்கும்போது நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து பற்றாமல் போய், மண்ணில் உள்ள நைட்ரேட்டை அவை எடுத்துக்கொள்கின்றன. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25, 30ஐத் தாண்டினால் இது தொடங்கும் என்பது பொது அளவு. மண்ணில் இருக்கும் பழைய மட்கில் அந்த விகிதம் 10 அல்லது 12 அளவில்தான்.

இதன் பலன் களைகளின் மேல் விழுகிறது. உழுத நிலத்தில் முண்டியடித்து வளரும் ஓராண்டுக் களைகள் நைட்ரேட் நிறைய இருந்தால்தான் வேகம் பிடிக்கும். நைட்ரேட் குறைந்தால் மெதுவாக வளரும் இயல் புல்லுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் புல்வெளிக் காடுகளில் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: மண்ணில் சர்க்கரை தூவினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காரணம் தெளிவு. சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை இழுத்துக்கொள்கின்றன, களைகள் வாடுகின்றன, அந்த இடைவெளியில் கங்காரு புல் என்று அங்கே அழைக்கும் இயல் புல் வேர்பிடிக்கிறது. வேர்பிடித்த பிறகு அந்தப் புல்லே நைட்ரேட்டைக் குறைவாக வைத்துக்கொள்கிறது. சர்க்கரைக்கு அப்புறம் வேலையில்லை. பெரிய பரப்புக்குச் சர்க்கரை கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஆனால் சத்தைக் குறைப்பதும் மீட்பு வேலைதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே வகைப் புல்லைவிடப் பல வகைகள் கலந்திருந்தால் இந்த உறிஞ்சல் இன்னும் நன்றாக நடக்கும். ஜெர்மனியின் யேனா நகரருகே, முன்பு பயிர் விளைந்த நிலத்தில் 2002இல் தொடங்கிய சோதனையில், தாவர இனங்கள் அதிகமுள்ள பாத்திகளில் நைட்ரேட் குறைவாகவும், காலப்போக்கில் மண்ணின் கரிமம் அதிகமாகவும் இருந்தன. ஆழ வேரும் மேலோட்டமான வேரும், முன்பருவத்தில் வளர்வதும் பின்பருவத்தில் வளர்வதும் சேர்ந்து இருந்தால் தழைச்சத்து தப்பிப்போக இடைவெளி குறைவு.

சரி, தழைச்சத்து உண்மையிலேயே காலியான நிலத்தில்? அங்கே பிரச்சினை நேர்மாறு. பாறையிலிருந்து தழைச்சத்து வருவது பெரும்பாலும் அற்பம். காற்றிலிருந்துதான் பிடிக்க வேண்டும். பயறு குடும்பத்து மரங்களின் வேர்முடிச்சுகள் இதைச் செய்கின்றன. பனாமாவில் பழைய மேய்ச்சல் நிலங்களில் தானாக வளர்ந்த காடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். முதல் 12 ஆண்டுகளில் காடு ஹெக்டேருக்கு 50,000 கிலோ கரிமம் சேர்த்திருந்தது. அதற்குத் தேவையான தழைச்சத்தில் பெரும்பங்கு இந்த மரங்கள் பிடித்துக் கொடுத்தது. இளங்காட்டில் ஒவ்வொரு மரமாகப் பார்த்தால், முடிச்சுள்ள மரங்கள் பக்கத்து மரங்களைவிட ஒன்பது மடங்கு வரை வேகமாகக் கரிமம் சேர்த்தன. காடு முதிர முதிர, தேவை தணிந்ததும், பிடிப்பதையும் குறைத்துக்கொள்கின்றன. கிழக்கு அமேசானிலும் இதே கதை இன்னொரு கோணத்தில் தெரிந்தது: கைவிட்ட நிலத்தில் எழும் இளங்காடு தழைச்சத்தைத் துளி சிந்தாமல் சுழற்றுகிறது, பல பத்தாண்டு கழித்து முதிர்ந்த காட்டில்தான் நைட்ரேட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் தாராளமாக வெளிப்படத் தொடங்குகின்றன, அப்போது காட்டின் பற்றாக்குறை மணிச்சத்துக்கு மாறிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு எந்தப் பயறு மரமாக இருந்தாலும் நட்டுவிடலாம் என்று முடிவு கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், சத்துக் குறைந்த மணலில் வாழப் பழகிய ஃபின்பாஸ் புதர்க்காட்டுக்குள் ஆஸ்திரேலிய அகேசியா புகுந்து மண்ணில் தழைச்சத்தை ஏற்றிவிட்டது. மரத்தை வெட்டிய பிறகும் அந்த ஏற்றம் தங்கி, இயல் புதர்களுக்குப் பதில் களைப்புற்கள் வர வழி செய்தது. சத்து ஏறியது, நிலம் கெட்டது.

ஏறிய தழைச்சத்தின் தடமும் லேசில் அழிவதில்லை. சீடர் கிரீக்கில் 1982இல் தொடங்கிய உரச் சோதனையில், சில பாத்திகளுக்கு உரம் போடுவதை நிறுத்தி இருபது ஆண்டு ஆன பிறகும் இழந்த தாவர வகைகள் திரும்பவில்லை. அங்கேயே கைவிட்ட வயல்களை எடுத்துக்கொண்டால், 91 ஆண்டு கழித்தும் உழாத நிலத்தில் உள்ள தாவர வகைகளில் முக்கால்வாசிதான், தாவர வளர்ச்சியில் பாதிதான்.

மணிச்சத்துக்கு வருவோம், இதுதான் பிடிவாதக்காரன். தழைச்சத்துக்குக் காற்று வழி இருக்கிறது, நைட்ரேட்டுக்கு நீர் வழி இருக்கிறது. மணிச்சத்து வாயுவாக மாறிப் போகாது, நீரிலும் மிகக் குறைவாகவே கரையும். மண்ணோடு அரித்துப் போனால் போகும், வெட்டி எடுத்துப் போனால் போகும். இரண்டும் நடக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். எவ்வளவு காலம்? பிரான்சின் லொரேன் பகுதியில், ரோமானியர் காலத்தில் உழுது, பிறகு காடாகிவிட்ட இடங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு ஆகியும், அன்று தீவிரமாகப் பயிரிட்ட இடங்களில் மண்ணில் மணிச்சத்து அதிகம், மேலே வளரும் செடிவகைகளும் வேறு. மாசசூசெட்ஸின் ஹார்வர்டு காட்டிலும், 19ஆம் நூற்றாண்டில் கைவிட்ட வயல்களின் மேல் வளர்ந்த மரங்களுக்குக் கீழே உழவுக்கால மணிச்சத்து இன்னும் இருக்கிறது.

மிச்சமிருந்தால் என்ன கெடுதல்? ஐரோப்பியப் புல்வெளிகளில் ஒரு பழைய அளவீடு உண்டு: 100 கிராம் மண்ணில் எடுக்கக்கூடிய மணிச்சத்து 5 மில்லிகிராமைத் தாண்டிய இடங்களில் 100 சதுர மீட்டரில் 20 வகைக்கு மேல் செடி காணக் கிடைக்கவில்லை. வேகமாக வளரும் நாலைந்து வகைகள் மற்றவற்றை நிழலில் அமுக்கிவிடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே உள்ள பழமையான மண்ணில் மணிச்சத்து அரிது. பேங்க்சியா போன்ற புரோட்டியேசி குடும்பத்துத் தாவரங்கள் கொத்துக்கொத்தான வேர்களால் அமிலம் கசிந்து அணு அணுவாகச் சுரண்டி வாழப் பழகியவை. அவற்றில் பலவற்றுக்கு உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. உரம் போட்ட பழைய கோதுமை வயலில் நட்டால் மணிச்சத்தே நஞ்சாகி இலை கருகிவிடும்.

இதைக் குறைக்கும் வழிகள் எல்லாம் சிரமமானவை. நெதர்லாந்தில் மேல்மண்ணையே வழித்து எடுத்துவிடுகிறார்கள். மணிச்சத்து போகும், கூடவே கரிமமும் நுண்ணுயிரும் விதையும் போகும். அதற்குப் பரிகாரமாக, 2006இல் தொடங்கிய ஒரு சோதனையில், நல்ல நிலையிலிருந்த புதர்நிலத்திலிருந்தும் புல்வெளியிலிருந்தும் கொஞ்சம் மண் கொண்டுவந்து மெல்லிய படலமாகத் தூவினார்கள். ஆறு ஆண்டில், புதர்நில மண் தூவிய இடம் புதர்நிலமாகவும் புல்வெளி மண் தூவிய இடம் புல்வெளியாகவும் திரும்பத் தொடங்கின. சத்தோடு அதைக் கையாளும் மண்ணுயிர்க் கூட்டமும் முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று. உழவு, வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்தைத் தேடித்தரும் வேர்ப்பூஞ்சையின் இழைகளை ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டே இருக்கும், உரம் அதன் தேவையையே குறைத்துவிடும். அது தானாகத் திரும்ப நாளாகும்.

இன்னொரு வழி, புல்லை வெட்டி வெட்டி வெளியேற்றுவது. பெல்ஜியத்தில் இதற்குத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டுமென்றே கொடுத்து, புல்லை நன்றாக வளரவிட்டு, அதன் வழியே மணிச்சத்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு கணக்குக்குச் சொன்னால், ஹெக்டேருக்கு 400 கிலோ மிகுதியாக இருந்து ஆண்டுக்கு 20 கிலோ வெளியே போனால் இருபது ஆண்டு. மண்ணில் குறையக் குறைய புல் எடுப்பதும் குறையும் என்பதால் உண்மையில் அதற்கும் மேல். இவ்வளவு பாடு எல்லா நிலத்துக்கும் தேவையில்லை. அந்த இடத்தின் இயல் தாவரம் காடு என்றால் மிச்ச மணிச்சத்து பெரும்பாலும் தொல்லை தராது, மரம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கேல்ஹூனில் பைன் மரங்கள் பல பத்தாண்டு உறிஞ்சியும் எளிதில் கிடைக்கும் மணிச்சத்து குறையவில்லை. இறுகக் கட்டுண்டிருந்த சேமிப்பு அவிழ்ந்து ஈடுகட்டியது. புல்வெளியும் புதர்நிலமும்தான் மிகுதியால் அடிபடுபவை.

அமிலத்தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இரண்டு துண்டு நிலங்களை 1880களில் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டிலும் இன்று காடு நிற்கிறது. பிராட்பாக் துண்டில் முன்பு ஏராளமாகச் சுண்ணாம்பு போட்டிருந்ததால் மண் இன்றும் அமிலமாகவில்லை. கீஸ்கிராஃப்ட் துண்டில் அப்படிச் சேமிப்பு இல்லை, பி.எச். அளவு (இது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 7 அருகிலிருந்து ஒரு நூற்றாண்டில் 4.5க்கும் கீழே போய்விட்டது. இரண்டிலும் கரிமம் கூடியிருக்கிறது. மரம் சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல்சத்தை உறிஞ்சி உடலில் சேர்ப்பதும், சருகின் அமிலங்களும், காற்றிலிருந்து விழும் அமிலமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. மரத்தோட்டங்களைப் பற்றிய ஓர் உலகளாவிய தொகுப்பாய்விலும் பி.எச். சராசரியாக 0.3 இறங்கியது, சுண்ணாம்பும் மக்னீசியமும் சாம்பல்சத்தும் குறைந்தன. வெட்டி விற்கும் தோட்டமென்றால் அந்தச் சத்து லாரி ஏறிப்போகும். இயல்காட்டில் மரம் விழுந்து மண்ணுக்கே திரும்பும்.

நீரையும் மறக்கக் கூடாது. சீனாவின் லோயெஸ் பீடபூமியில் 1999 முதல் சரிவான வயல்களைப் பெருமளவில் காடும் புல்லுமாக மாற்றினார்கள். அரிப்பு குறைந்தது, மண்ணில் கரிமம் ஏறியது. ஆனால் வறண்ட பகுதிகளில் நட்ட வெளிநாட்டு மரமான ரொபினியா ஆழ்மண் ஈரத்தை மழை ஈடுகட்டும் வேகத்தைவிட அதிகமாகக் குடித்துவிட்டது. ஈரமில்லாத மண்ணில் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது.

கடைசியாக அளப்பது பற்றி, ஏனெனில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. 5, 20, 50 ஆண்டுக்கு முன் கைவிட்ட வயல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதையே ஒரு வயலின் காலவரிசையாகப் படிக்கும் ஆய்வுகளே அதிகம். விவசாயி எந்த நிலத்தை முதலில் கைவிடுவார்? மோசமானதைத்தான். அப்படியிருக்க, 50 ஆண்டு வயலில் சத்து குறைவாகத் தெரிந்தால் அது காட்டின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தது, சாகுபடி நின்றதும் மேல்மண் பொலபொலவென்று தளரும். முன்பு எடுத்த அதே 20 சென்டிமீட்டரில் இப்போது மண்ணின் எடையே குறைவு. சதவீதத்தை மட்டும் பார்க்காமல் மண்ணின் அடர்த்தியையும் அளந்து, சம எடை மண்ணை ஒப்பிட வேண்டும். 20 சென்டிமீட்டரோடு நிறுத்தினால் ஆழ வேர்கள் செய்வது எதுவும் கணக்கில் வராது. ஆய்வுக்கூட அறிக்கையில் "குறைவு", "போதுமானது" என்று போடுவது பயிருக்கான அளவுகோல். அதைப் பார்த்து இயல் புல்வெளிக்கு உரம் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

நிலம் கையில் இருந்து வேலையைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், நாற்று வாங்கும் முன் மணிச்சத்தையும் பி.எச். அளவையும் பாருங்கள், அருகில் உழாத இயல்நிலம் ஏதாவது இருந்தால் அதிலும் அதே சோதனை செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் எந்தத் தாவரம் அங்கே பிழைக்கும் என்று சொல்லும். முதல் சில ஆண்டுகளில் நைட்ரேட்டைக் கவனித்தால் போதும். அது இறங்கினால் வேர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. கரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அளப்பது காசுக்கு நஷ்டம், மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். முதல் நாள் எடுத்த மண்ணில் ஒரு பங்கைக் காயவைத்து, நாளும் இடமும் ஆழமும் எழுதி, மூடி வைத்துவிடுங்கள். பிற்பாடு வேறு முறையில் அளக்க நேர்ந்தால் ஒப்பிட அது வேண்டும்.